அப்பாவின் கல்லீரலுக்கு ஒரே ஓ.பி.: சில வருட அனுபவம்

அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். ஹெபடைடிஸ் பி கிருமி பல வருடமாக உள்ளேயே இருந்து பார்த்த வேலை. குடிப்பழக்கமே கிடையாது, ஆனால் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

முன்பு வயிற்றில் நீர் கோப்பதற்கு ஒரு டாக்டர், எண்டோஸ்கோப்பிக்கு வேறிடம், சர்க்கரைக்கு அம்பாசமுத்திரத்தில் ஒருவர் என்று அலைந்தோம். ஓரிடத்தில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதினார்கள். வேறு என்ன நோய் இருக்கிறது என்று கேட்கவே இல்லை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிப் படுத்துவிட்டார்.

இப்போது பாளையங்கோட்டையில் ஒரே ஓ.பி.யில் எல்லாம் பார்க்கிறோம். எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும் ஒரே நோட்டில் ஏறுகிறது. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். முதலில் சிஸ்டர் எடை பார்ப்பார். அப்புறம், "ஐயா, ரெண்டு கையையும் நீட்டி, வண்டிய நிறுத்துற போலீஸ்காரர் மாதிரி வச்சுக்கோங்க" என்பார். மணிக்கட்டு படபடவென்று அடித்தால் கல்லீரல் நீக்காமல் விட்ட நச்சு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி அடித்தது. உடனே டாக்டரிடம் சொல்லி, தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவுக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் கூட்டினார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அப்பா ராத்திரியெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினார். வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தோம், அதுவும் அந்த நச்சின் வேலைதான்.

சாப்பாட்டு ஆலோசகர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார். உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம். கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் போயாச்சு. பருப்பு, முட்டையைக் குறைக்கச் சொன்ன சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம் என்றார். வெறும் வயிற்றோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் தசை கரையுமாம். அதனால் படுக்குமுன் கஞ்சி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை. தேதி நெருங்கினால் அவர்களே போன் செய்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கேன் நாளில் கூட்டம் தாங்காது, வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். நச்சு மூளைக்கு ஏறாமலிருக்கத் தரும் ரிஃபாக்சிமின் மாத்திரையை வெளியே வாங்கினால் விலை கடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. போனை யாரும் எடுப்பதில்லை. ரத்த வாந்தி, கருப்பு மலம், பேச்சில் குழப்பம் என்றால் போனுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.