ஆறு ஆண்டுகள், இரண்டு முதுகுப்பைகள்: ஒருநாள் மலைநடைக்கான கேமராப் பை

என்னிடம் உள்ள சோனி ஏ6400 கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 403 கிராம். அதில் பெரும்பாலும் மாட்டியிருக்கும் சிக்மா 18-50 லென்ஸ் 290 கிராம். பறவை கண்ணில் பட்டால் மாற்றிக்கொள்வதற்காக எடுத்துச் செல்லும் சோனி 70-350 லென்ஸ் 625 கிராம். மூன்றும் சேர்ந்து 1,318 கிராம்தான். அதே நாளில் அதே பையில் நான் சுமக்கும் தண்ணீரோ மூன்று லிட்டர். கேமராவையும் லென்ஸ்களையும் சேர்த்தால் வரும் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 2019-இல் முதல் பையை வாங்குவதற்கு முன்பே இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாவது பையை வாங்க வேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

அந்த முதல் பை கேமராவுக்கென்றே தயாரிக்கப்பட்டது. கொள்ளளவு இருபது லிட்டர். அப்போது என்னிடம் கேமராவோடு வந்த சிறிய லென்ஸும் இன்னொரு ஜூம் லென்ஸும் மட்டுமே இருந்தன. ஆனால் பையின் கீழ்ப்பகுதி முழுவதும் நுரைத் தடுப்புகளால் எட்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கடையில் திறந்து பார்த்தபோது அந்த அறைகள் என்னை வெகுவாகக் கவர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலியாக இருந்த ஆறு அறைகளையும் ஒவ்வொரு லென்ஸாக வாங்கி நிரப்பிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. வீட்டிற்கு வந்து தொங்குதராசில் மாட்டியபோது வெறும் பையே 1,900 கிராம் காட்டியது. மேல் அறையில் ஒரு சாப்பாட்டு டப்பாவும் ஒரு மழைக்கோட்டும் வைத்தால் அத்துடன் இடம் முடிந்துவிடும். பக்கவாட்டுப் பையில் ஒரு பாட்டில் நிற்கும். இன்னொரு பாட்டிலை ட்ரைபாட் கட்டும் வாரில் கட்டித் தொங்கவிட்டேன். அது நடக்கும் அடிக்கு ஒருமுறை என் முழங்கையை இடித்துக்கொண்டே வந்தது.

2020 பிப்ரவரியில் அந்தப் பையுடன் வெள்ளியங்கிரி ஏறினேன். முதல் மலையின் படிக்கட்டுகளிலேயே தோள்கள் வலிக்கத் தொடங்கிவிட்டன. பையில் இடுப்பைச் சுற்றி ஒரு வார் இருந்தது உண்மைதான். ஆனால் அது விரல் அகலமுள்ள வெறும் நாடா. பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், எடையைத் தாங்காது. மலைநடைக்கான நல்ல பையில் இருக்கும் இடுப்புப் பட்டை அகலமானது, உள்ளே நுரை வைத்துத் தைத்தது, இடுப்பெலும்பின் மேல் விளிம்பை அணைத்தாற்போல் உட்காருவது. அதை முதலில் இறுக்கிய பிறகே தோள்வாரை இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் வழியாகக் கால்களுக்கு இறங்கிவிடும். தோள்வார்களுக்குப் பையை முதுகோடு ஒட்டி நிறுத்துவது மட்டுமே வேலை. ஆறேழு கிலோவுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இறங்கும்போது, ஒவ்வொரு படிக்கும் பை ஒருமுறை குதித்துக் கழுத்தின் இருபுறமும் அடித்தபோது, அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

பட்டை இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் வந்து உட்காரவும் வேண்டும். அதற்குப் பையின் முதுகு நீளம் நம் முதுகு நீளத்தோடு பொருந்த வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் கட்டைவிரல்கள் பின்புறம் சுட்டும் கோடு வரைக்கும் டேப்பால் அளந்தால் அந்த நீளம் கிடைத்துவிடும். ஆளின் உயரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. எனக்கு 44 சென்டிமீட்டர். என்னைவிட இரண்டு அங்குலம் உயரமான என் தம்பிக்கு 43. கேமராப் பைகளில் பலவும் ஒரே முதுகு அளவில்தான் வருகின்றன. மலைநடைப் பைகளில் அளவை ஏற்றி இறக்கும் வசதியோ இரண்டு மூன்று அளவுகளோ இருப்பது அவற்றுக்குள்ள பெரிய அனுகூலம்.

2021 டிசம்பரில் இரண்டாவது பையைத் தேடியபோது கடைக்குள் ஒரு துணிப்பையில் ஆறு கிலோ பொன்னி அரிசியைப் பொட்டலங்களாக எடுத்துச் சென்றேன். வாசலில் நின்ற காவலர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எண்ணி, திரும்பும்போதும் எண்ணிவிட்டே அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அரிசியை ஒவ்வொரு பையிலும் நிரப்பி, கடையின் மாடிப்படிகளில் கால் மணி நேரம் ஏறி இறங்கிப் பார்த்ததில் கண்ணாடி முன் அழகாகத் தெரிந்த மூன்று பைகள் தாமாகவே விலகிக்கொண்டன. இறுதியில் வாங்கியது முப்பது லிட்டர் கொண்ட சாதாரண மலைநடைப் பை. எடை 1,150 கிராம். அதற்குள் வைக்க 380 கிராம் எடையில் நுரை வைத்த உள்பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கினேன். கடைகளில் இதை இன்சர்ட் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தாலும் பழைய பையைவிட 370 கிராம் குறைவு, இடமோ பத்து லிட்டர் கூடுதல். மூன்று லிட்டர் தண்ணீர், புளிசாதம், மழைக்கோட்டு, மாற்று உடை, டார்ச், முதலுதவிப் பொருள்கள் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. வெளியே எதுவும் தொங்குவதில்லை.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வலியுறுத்திய ஒரே நிபந்தனை, மேல்வாயைத் தவிர முன்பக்கத்திலும் வளைவான நீண்ட ஜிப் இருக்க வேண்டும் என்பது. மேல்வாய் மட்டுமே உள்ள பையில் உள்பெட்டியை அடியில் வைத்தால் சோற்று டப்பா முதல் துண்டு வரை வெளியே எடுத்துப் போட்ட பிறகே கேமரா கைக்கு வரும். மேலே வைத்தால் எடை தலைப்பக்கம் ஏறி, பாறை தாண்டும்போது ஆளைத் தள்ளும். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருப்பதே நல்லது. நான் மாற்று உடையை அடியிலும், அதன் மேல் உள்பெட்டியையும், முதுகை ஒட்டிய அறையில் தண்ணீர்ப் பையையும், எல்லாவற்றுக்கும் மேலாக மழைக்கோட்டையும் சாப்பாட்டையும் வைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய பையில் பக்கவாட்டு ஜிப் இருந்தது. ஒரு தோளிலிருந்து கழற்றி முன்னால் சுழற்றினால் பன்னிரண்டு விநாடியில் கேமரா கையில் இருக்கும். புதிய பையில், இடுப்புப் பட்டையை அவிழ்த்து, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, உள்பெட்டியின் மூடியையும் திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது. 2023 ஜூனில் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலைக்குப் போயிருந்தபோது இந்த முக்கால் நிமிடத்தின் விலை தெரிந்தது. 116 ஹெக்டேர் பரப்பே உள்ள சிறிய சோலை அது. பாதையோரப் புதரில், பத்தடி தூரத்தில், நீலகிரிச் சிரிப்பான் ஒன்று வந்து அமர்ந்தது. நான் குனிந்து பையை ஈர இலைச் சருகின் மேல் இறக்கினேன். ஜிப் சத்தமில்லாமல் திறந்தது. உள்பெட்டி மூடியின் வெல்க்ரோவோ ‘சர்ர்ரக்’ என்று சோலைக்கே கேட்கும்படி பிரிந்தது. பறவை போய்விட்டது. கூட வந்த வழிகாட்டி பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சார், பையைக் கீழ வைக்காதீங்க, அட்டை ஏறும்” என்று மட்டும் சொன்னார். அதற்குள் மூன்று ஏறியிருந்தன. ஒன்று இடுப்புப் பட்டையின் நுரை மடிப்புக்குள் புகுந்து, வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வாரமே உள்பெட்டியின் வெல்க்ரோவில் பாதியின் மேல் துணிப்பட்டி வைத்துத் தைத்துவிட்டேன். இப்போது மூடி ஒரு விரலால் சத்தமின்றித் திறக்கிறது. அதைவிட முக்கியமான மாற்றம், நடக்கும்போது கேமராவைப் பைக்குள் வைப்பதையே விட்டுவிட்டது. சிக்மா லென்ஸோடு கேமரா எழுநூறு கிராமுக்கும் குறைவுதான். முதலில் தோள்வாரில் மாட்டும் உலோகக் கிளிப்பில் பொருத்திப் பார்த்தேன். பீக் டிசைன் நிறுவனத்தின் கேப்சர் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. சமதளத்திலும் அகலமான பாதையிலும் அது வெகு வசதி. கையை ஊன்றி ஏற வேண்டிய இடங்களில் மட்டும் லென்ஸ் பாறையில் இடித்தது. நீண்ட லென்ஸை மாட்டினால் எடை ஒரு கிலோவைத் தாண்டுவதால் ஒரு பக்கத் தோள்வார் கீழிறங்கி நடையே கோணலாகிவிடும். ஆகவே இப்போது மார்பின் முன் இரு தோள்வார்களிலும் கொக்கி போட்டு மாட்டும் சிறு பையில் கேமரா இருக்கிறது, நீண்ட லென்ஸ் உள்பெட்டியில். மார்பில் வியர்வை கூடுவதும், இறங்கும்போது காலடி சரியாகத் தெரியாமல் போவதும் இதன் தொல்லைகள். செங்குத்தான இறக்கத்தில் அந்தச் சிறு பையைக் கழற்றி உள்ளே போட்டுவிடுகிறேன்.

முதுகுப்புறம் திறக்கும் பைகளையும் நண்பர்களிடம் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றை முகம் குப்புறக் கீழே வைத்துத் திறப்பதால், சேறு நம் முதுகில் படும் பக்கத்தில் ஒட்டுவதில்லை. இடுப்புப் பட்டையை அவிழ்க்காமலே கைகளை மட்டும் தோள்வாரிலிருந்து உருவி, பையை முன்னால் சுற்றித் திறக்கவும் முடியும். அட்டைக் காட்டில் இது பெரிய வரம். நிக்கான் 200-500 போன்ற 2.3 கிலோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், வால்பாறையில் இருவாச்சி பார்க்கக் காரில் போய் இறங்கி அரை கிலோமீட்டர் மட்டும் நடப்பவர்களுக்கும் அத்தகைய முழுக் கேமராப் பையே பொருத்தம். அவர்களுடைய சுமையில் கேமராதான் பெரிது, என் சுமையில் தண்ணீர்தான் பெரிது.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பையோடு வரும் மழையுறை முதுகுப்புறத்தை மூடாது. அரை மணி நேரம் தொடர்ந்து பெய்தால் கழுத்து வழியாக இறங்கும் நீர் முதுகுக்கும் பைக்கும் இடையே ஓடி, உறையின் அடியில் குளமாகத் தேங்கிவிடும். உறையின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் உறையை மட்டும் நம்பாமல், உள்பெட்டியை வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் வைப்பதே என் வழக்கம். நூறு கிராம்கூட இல்லாத அந்தப் பை, கொல்லிமலை ஆகாயகங்கையின் சாரலில் நனைந்தபடி நின்றபோது கேமராவைக் காப்பாற்றியது.

மழையைவிட மோசமானது, மழைக்குப் பின் வீட்டில் காட்டும் அலட்சியம். 2020-இல் ஊரடங்கால் எங்கும் போகாமல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கேமராவை முதல் பையிலேயே மூடி வைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலம். நுரையில் ஏற்கெனவே பழைய வியர்வையும் ஈரமும் இருந்திருக்க வேண்டும். ஜனவரியில் எடுத்து, லென்ஸின் பின்பக்கம் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டியபோது, உட்புறக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை கிளைத்திருந்தது. முழுக்க என் தவறு. கேமராவைச் சுமப்பதற்குத்தான் பை. வைத்திருப்பதற்கு அது ஏற்ற இடமன்று. இப்போது ஒவ்வொரு நடைக்குப் பின்னும் கேமராவும் லென்ஸும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்குப் போகின்றன. டப்பாவுக்குள் ஈரப்பதமானி 45-க்கும் 50-க்கும் இடையே காட்டும்படி பார்த்துக்கொள்கிறேன். பையும் உள்பெட்டியும் எல்லா ஜிப்பும் திறந்த நிலையில் இரண்டு நாள் நிழலில் காய்கின்றன.

நம் ஊர் ஈரம் பையையும் விட்டுவைப்பதில்லை. 2024-இல் முதல் பையின் அடியறையிலிருந்து மழையுறையை இழுத்தபோது அது பசைபோல் கையில் ஒட்டியது, புளித்த வாடை வீசியது, உட்பூச்சு தவிடுபோல் உதிர்ந்தது. நீர் புகாமல் இருக்க நைலானின் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையக்கூடியது. அலமாரியில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் திடீரென்று பொடிப்பொடியாக உதிர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உறையைச் சுருட்டி அதன் அறைக்குள் அடைத்தே வைத்திருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கிறது. ஆகவே உறை தனியாகக் கழன்று வரும் பையையே வாங்குங்கள். உறை போனாலும் பை மிஞ்சும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மடிக்கணினி அறை மலையில் வெறும் எடை. ட்ரைபாட் வார்களை நான் நான்கு ஆண்டுகளில் இருமுறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியை இருபுறமும் தேய்த்தால் போதும். பை அகலமாகத் திறப்பதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு அனுமதி பெற்று நடப்பது எளிதாகியிருக்கிறது. காட்டு வாசலில் பிளாஸ்டிக் சோதனைக்காகப் பையைத் திறக்கச் சொன்னால், எல்லாவற்றையும் வெளியே கொட்டாமல் ஒரே இழுப்பில் காட்டிவிட முடிகிறது.

இரண்டாவது பைக்கு இப்போது நான்காவது ஆண்டு நடக்கிறது. முதுகு வலையில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிகிறது, வெந்நீரில் கழுவினால் போய்விடும். இடது தோள்வாரின் மேல் தையல் சென்ற ஆண்டு விட்டுப்போனது. தெருமுனைச் செருப்புத் தைப்பவர் எண்பது ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்த தையல், பையின் மற்ற தையல்களைவிட உறுதியாக இருக்கிறது. முதல் பை என் தம்பி மகளிடம் இருக்கிறது. எட்டு அறைகளையும் உருவி எடுத்துவிட்டு, கல்லூரிக்கு மடிக்கணினி கொண்டுபோகிறாள்.