கோல்ஃப் லேசர் வாங்குமுன்: அதிர்வதெல்லாம் கொடி அல்ல

சென்னையில் கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் (கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று லேசரால் அளக்கும் கருவி) வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நகரின் நடுவே உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், “ஆயிரம் யார்டு, பின் லாக், ஸ்லோப், வாட்டர் ப்ரூஃப், எல்லாம் இருக்கு” என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு ஒரு கருவியை விற்றார்கள். பின் லாக் என்றால் கொடியை மட்டும் பிடித்து அளப்பது; ஸ்லோப் என்றால் தரையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுத் தூரத்தைத் திருத்துவது. நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் அது, 140 யார்டில் இருந்த கொடிக்கு 171 என்று காட்டியது. கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கும் புல்தரை) பின்னால் நின்ற மரத்தை அளந்திருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனால் கிடைத்த பதில்: “கை ஆடுது சார், பழகினா சரியாயிடும்.”

கை ஆடியது காரணமே அல்ல. விற்றது வேட்டைக்கென்று செய்த கருவி. லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் இவை தூரத்தைக் கணக்கிடுகின்றன. ஒரே இலக்கை நோக்கினாலும் கொடி, அதன் பின்னுள்ள கிளை, அதற்கும் பின்னுள்ள மதில் என்று பல இடங்களிலிருந்து ஒளி திரும்பி வரும். கோல்ஃப் கருவி அவற்றில் மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். வேட்டைக் கருவி நேர்மாறு: முன்னால் மறைக்கும் புல்லையும் கிளையையும் ஒதுக்கிவிட்டுத் தொலைவில் இருப்பதைக் காட்டும். சில மாடல்களில் இதை மாற்றிக்கொள்ள ஒரு மோடு உண்டு. இதில் அதுவும் இல்லை. மேலே கொடிப் படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் உண்டு.

‘கொடியைப் பிடித்ததும் அதிரும்’ என்பதை நம்பாதீர்கள். மலிவான கருவிகள் எந்த அளவு கிடைத்தாலும் அதிரும், மதிலுக்கும்தான். கடைக்குள் நின்று எதிர்ச் சுவரை அளந்து காட்டுவது சோதனையே அல்ல. வெளியே வாருங்கள். மெல்லிய கம்பம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நோ பார்க்கிங் பலகைக் கம்பம் போதும். அதற்குப் பின்னால் குறைந்தது 15 மீட்டர் தள்ளிச் சுவரோ மரமோ இருக்க வேண்டும். 80 மீட்டர் தூரத்தில் நின்று, பட்டனை அழுத்தியபடியே கம்பத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். சுவரின் எண்ணிலிருந்து கம்பத்தின் எண்ணுக்கு இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். பத்தில் எட்டு முறையாவது நிற்காவிட்டால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

ஓடுதளம் உள்ள மைதானம் கிடைத்தால் 100 மீட்டர் கோட்டிலும் அளந்து பாருங்கள். யார்டில் 109 வர வேண்டும். மீட்டரில் செட் செய்த கருவியை அப்படியே கொடுத்துவிடுவதும் நடக்கிறது. 150 மீட்டர் என்பது 164 யார்டு. ஒரு அயர்ன் மட்டைக்கும் மேலான வித்தியாசம், பந்து நேரே கிரீனுக்கு முன்னால் உள்ள பங்கரில் (மணல் குழி)தான் விழும்.

‘ஆயிரம் யார்டு’ என்பது ஒளியை நன்றாகத் திருப்பும் பெரிய பரப்புக்கான கணக்கு. கொடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 250 கிடைத்தால் தாராளம்.

ஸ்லோப்புக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது சென்னையின் சமதரையில் வீண். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஆடுபவர்களுக்கு அது உதவும்: 150 யார்டில் 3 டிகிரி ஏற்றம் இருந்தால் சுமார் 8 யார்டு கூட்டி அடிக்க வேண்டும். ஆனால் போட்டியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. 2019 முதல் தூரம் அளக்கும் கருவிகளுக்குப் பொதுவாக அனுமதி உண்டு, உள்ளூர் விதி தடுத்தால் ஒழிய. ஏற்ற இறக்கத்தை அளந்தால், கோல்ஃப் விதி 4.3-இன்படி ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) முதல் முறை 2 ஸ்ட்ரோக் அபராதம், மறுமுறை தகுதி நீக்கம். ஸ்லோப் அணைந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும் சுவிட்ச் உள்ளதா என்று பாருங்கள். இந்தக் கருவியில் அணைக்கவே வழியில்லை.

வாட்டர் ப்ரூஃப் சங்கதி இன்னும் மோசம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸின் வெளிப்புறம் பனிப்பது நம் ஊர்ப் புழுக்கத்தில் இயல்பு, சில நிமிடங்களில் போய்விடும். உள்பக்கம் பனித்தால் சீல் போய்விட்டது என்று பொருள். இதில் உள்ளேதான் பனித்தது, திருகாணித் தலைகளிலும் கீறல். யாரோ பிரித்துப் பூட்டிய பழைய சரக்கு.

பேட்டரியிலும் கவனம். கருவி கேட்பது 3 வோல்ட் சி.ஆர்.2. கூடவே கொடுத்தது அதே அளவிலான 3.7 வோல்ட் ரீசார்ஜ் செல். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் வரை போகும், சர்க்யூட் கருகலாம்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும், இதில் எதுவும் இல்லை. பில்லில் ‘ஸ்போர்ட்ஸ் ஐட்டம்’ என்று மட்டும் எழுதித் தருவார்கள். மாடலும் சீரியல் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாத பில்லை ஏற்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கம்பச் சோதனையை வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு 2 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.