மொரீஷியஸில் ரூம் தேடுகிறவர்களுக்கு: நம்ம பசங்க வீடா, உள்ளூர்க் குடும்பமா, பல நாட்டார் வீடா?

எபென் சைபர்சிட்டியில் வேலை கிடைத்தோ, ரெதுயி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தோ மொரீஷியஸ் வருகிற நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது தங்குவதற்கு இடம். தனி வீடு எடுக்கிற அளவுக்கு வந்த புதிதில் யார் கையிலும் காசு இருக்காது. மீதி மூன்று வழி. தமிழ்நாட்டுப் பசங்க சேர்ந்து எடுத்த வீடு ஒன்று. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் மாடி அறை இன்னொன்று. மூன்றாவது, மடகாஸ்கர், நைஜீரியா, பிரான்ஸ், கென்யா என்று ஆளுக்கொரு தேசத்திலிருந்து வந்தவர்கள் பகிர்ந்துகொள்கிற வீடு. மூன்றிலும் இருந்துவிட்டேன். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் விமானத்திலிருந்து இறங்கி நேரே அங்கே போகாதீர்கள்.

காசை மட்டும் பார்த்தால் நம்ம பசங்க வீட்டை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மாதம் 24,000 மொரீஷியஸ் ரூபாய் வாடகைக்கு மூன்று பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாட்டார் வீட்டில் அறைக்கு ஒருவர், தலைக்கு 8,000. நம்ம வீட்டில் அதே மூன்று அறையில் ஆறு பேர் படுப்பார்கள், ஹாலில் ஒருவர் ‘ஒரு வாரத்துக்கு மட்டும்’ என்று வந்து நிரந்தரமாகியிருப்பார். தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம்தான். குடும்ப வீட்டில் வாடகை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கரன்ட்டும் தண்ணீரும் அதற்குள்ளேயே அடக்கம், சில வீடுகளில் ராத்திரிச் சாப்பாடும் உண்டு.

மிச்சம் பிடித்ததெல்லாம் கையில் நிற்காது என்பது வேறு விஷயம். இங்கேயும் மின்வாரியம் யூனிட் கூடக் கூட விலையை ஏற்றும். ஏழு பேர் ஒரே மீட்டரில் அயர்ன் பாக்ஸ் போட்டால் பில் மேல் படிக்கு ஏறிவிடும். கூரையில் சோலார் ஹீட்டர் இருக்கும்தான், ஆனால் ஜூலை மாதக் குளிரில் (இங்கே அப்போதுதான் குளிர்காலம்) முதல் மூன்று பேர் குளித்ததோடு வெந்நீர் தீர்ந்துவிடும். மழைக்கு முந்தைய மாதங்களில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தையும் குறைப்பார்கள். மேலே டேங்க் இல்லாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். இது மூன்று வகை வீட்டுக்கும் பொருந்தும்.

வாடகையைவிட முக்கியம் அடுப்படி. ஒரு வீட்டில் உங்களால் காலம் தள்ள முடியுமா என்பது அங்கேதான் தெரியும்.

நம்ம பசங்க வீட்டில் அடுப்படிக்கு அறிமுகமே வேண்டாம். மிளகாய்த்தூள் டப்பா எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் சமைக்கிறவன் ஒருத்தன், பாத்திரம் கழுவுகிறவன் அதே ஒருத்தன், ‘என்ன மச்சி, இன்னிக்கு ரசம் இல்லையா’ என்று கேட்பவர்கள் ஐந்து பேர். காஸ் சிலிண்டர் 12 கிலோ, அரசாங்கம் விலை கட்டுப்படுத்துவதால் பெரிய தொகை இல்லை. இருந்தும் அதை யார் வாங்கிப் போட்டார்கள் என்ற கணக்கு மட்டும் நோட்டில் ஏறாமல் மனசில் ஏறும். நம்மாளிடம் போய் இருநூறு ரூபாய் கேட்பதா என்று வாயைத் திறக்க மாட்டோம். ஆறு மாதம் கழித்து கிரிக்கெட் பற்றிய ஏதோ ஒரு சண்டையில் அது வெளியே வந்து விழும்.

பல நாட்டார் வீட்டில் இந்தத் தேக்கம் இல்லை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, சுவரில் யார் எந்த வாரம் கழுவ வேண்டும் என்ற அட்டவணை, மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் கணக்கு. முறை தப்பினால் கென்யாக்காரப் பெண் முகத்துக்கு நேரே சொல்வாள்: இது உன் வாரம், இன்னும் குப்பை வெளியே போகவில்லை. சுருக்கென்று இருக்கும். நம் வீட்டில் அம்மாகூட இப்படிச் சொன்னதில்லை என்று தோன்றும். அடுத்த நிமிஷமே அவள் டீ போட்டு உங்களுக்கும் ஒரு கோப்பை நீட்டுவாள், மனசில் ஒன்றும் கிடையாது. இது பிடிபட எனக்கு நாளாயிற்று.

பிடிபடாதவை அங்கே நிறைய உண்டு. மடகாஸ்கர்க்காரர்கள் மூன்று வேளையும் சோறு சாப்பிடுவார்கள், அதில் நமக்கு அண்ணன்கள். சோறு எடுத்தபின் பாத்திரத்தின் அடியில் பிடித்த தீய்ந்த பருக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள், ரானுவூலா என்று பெயர். நம் நீராகாரத்துக்குப் பங்காளி என்று சொல்லலாம், இது மட்டும் சூடு. திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி, பாவம் வீட்டிலிருந்த மடகாஸ்கர்ப் பெண் கழுவ நேரமில்லாமல் ஊறப்போட்டிருக்கிறாள் என்று நினைத்து, தினமும் அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்தான். அவளோ இவன் தன்மேல் என்ன கோபத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் வீட்டில் மற்றவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

காலை வணக்கம் இன்னொன்று. தூங்கி எழுந்து நேரே அடுப்படிக்குப் போய் பேசாமல் காப்பி போடுவது நமக்கு இயல்பு. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்தத் தீவுக்காரர்களுக்கும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குச் சமம். முதலில் ‘போன்ஜூர்’, பிறகுதான் எதுவும். கடையிலும் அப்படித்தான். அதைச் சொல்லாமல் ‘பால் இருக்கா’ என்று ஆரம்பித்தால் பதில் சுணங்கித்தான் வரும்.

ஒரு பெரிய குறையையும் மறைக்கக் கூடாது. காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நம்ம பசங்க வீட்டில் கேட்காமலே கஞ்சி வரும், உப்பு கம்மியாக இருந்தாலும் வரும். குடும்ப வீட்டுத் தாந்தின் (அத்தை, சித்தி எல்லோருக்கும் இங்கே அதுதான் கூப்பிடும் முறை) மிளகு ரசத்தோடு வந்து நீங்கள் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டார். பல நாட்டார் வீட்டில் கதவைத் தட்டி ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். நாம் மரியாதைக்கு ‘பரவாயில்லை, ஒன்றும் வேண்டாம்’ என்போம். அவர்கள் அதை அப்படியே நம்பிப் போய்விடுவார்கள். இரண்டாவது முறை கேட்கிற பழக்கம் நம்முடையது. அங்கே முதல் தடவையே வாயைத் திறந்து, பாரசிட்டமால் வேண்டும், சூப் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மழையில் ஓடிப்போய் வாங்கி வருவார்கள்.

குடும்ப வீட்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு கற்பனை உண்டு. தமிழ் வீடு, தமிழ் பேசலாம் என்று பெட்டியோடு போவார்கள். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகிறது, ஆனால் வீட்டுக்குள் பேச்சு பெரும்பாலும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. தாத்தாவுக்குத் தேவாரம் தெரியும், பேரனுக்கு ‘வணக்கம்’ தெரியும். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களில் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். கவுச்சி படியேறாது, வீடே கழுவித் துடைத்துக் கிடக்கும். காவடி அன்றைக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. காத் போர்னில் கோர் த கார்த் மலைக் கோயிலுக்கு அவர்களோடு ஏறினால், சென்னையில் வளர்ந்த நாம்தான் பல இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்போம். கிரியோலும் அங்கேதான் சீக்கிரம் ஒட்டும், தாந்தினிடம் பேச வேறு வழி கிடையாது.

ஆனால் அங்கே கடைசிவரை நீங்கள் விருந்தாளிதான். கேட் பூட்டுகிற நேரம் அவர்கள் சொல்வது. நண்பர் வந்தால் சொல்லிவிட்டு வர வேண்டும். நீங்கள் அந்த அடுப்படியில் தோசை சுட்டால் தாந்தினுக்கு மனம் பொறுக்காது, கரண்டியை வாங்கிக்கொள்வார். தனியாக வருகிற பெண்களுக்கு முதல் சில மாதம் இதைவிட நல்ல இடம் கிடையாது. பஸ் சீக்கிரமே நின்றுபோகும் ஊரில், வரவில்லையே என்று வாசலைப் பார்க்க ஒருவர் இருப்பது பெரிய விஷயம்.

புயல் காலத்தில் குடும்ப வீட்டுக்கு நிகரே இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பயம் உண்டு. எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாக ஏறும். மூன்றாம் வகுப்பு அறிவித்தால் வெளியே தலை காட்டக் கூடாது. நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று தீவுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். 1960-இல் கேரல் புயல் மர வீடுகளைப் பிய்த்துப் போட்ட பிறகுதான் ஊர் சிமென்ட் வீட்டுக்கு மாறியது, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே தோந்தோன் (மாமா, சித்தப்பாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வாளியில் தண்ணீர் பிடிப்பார், மெழுகுவத்தி, ரொட்டி, டின் மீன் வந்து சேரும். நம்ம பசங்க வீட்டில் அதே நேரம் ஆபீஸ் லீவா இல்லையா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனதற்குப் பிறகு கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள். பல நாட்டார் வீட்டில் மடகாஸ்கர்க்காரர் யாராவது இருந்தால் தப்பித்தீர்கள். அவர்களுக்கும் புயல் பழக்கம், மற்றவர்களை அதட்டி வேலை வாங்குவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவதை ஏன் சொல்கிறேன்? நம்ம பசங்க வீட்டில் நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் மறுநாள் ஆபீசிலும் மறுவாரம் ஊரிலும் இருக்கும். பாதிப் பேர் ஒரே கம்பெனி. கிரியோலில் ஒரு வாக்கியம் பேசாமல் இரண்டு வருஷ பெர்மிட்டை முடித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். குடும்ப வீட்டில் அன்பு உண்டு, நம் இஷ்டம் கிடையாது. பல நாட்டார் வீட்டில் யாருக்கும் அது சொந்த வீடு இல்லை, யாருடைய வழக்கமும் சட்டம் இல்லை. உளுந்து அரைக்கிற மிக்ஸி சத்தம் எத்தனை மணிவரை, அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசலாமா (இங்கே ராத்திரி ஒன்பது என்றால் ஊரில் பத்தரை, அம்மா தூங்குவதற்குள் பேசியாக வேண்டும்) என்பதை உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். அப்படிப் பேசி முடித்த வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்.

ஆகவே முதல் மூன்று நான்கு மாதம் குடும்ப வீடு, பிறகு பல நாட்டார் வீடு. கடன் அடைக்க வந்தவர்கள் நம்ம பசங்க வீட்டுக்கே போகட்டும், அது தப்பில்லை. கணக்கு நோட்டு ஒன்றை மட்டும் முதல் நாளே ஆணியில் மாட்டிவிடுங்கள்.

இடம் என்று பார்த்தால் ரோஸ் ஹில் எனக்குச் சரி. போர்ட் லூயிஸ், கியூர்பீப், எபென், ரெதுயி எல்லாப் பக்கமும் மெட்ரோ அங்கிருந்து போகிறது. கியூர்பீப் மேட்டில் இருக்கிற குளிர் ஊர், அங்கே வாடகை குறைத்துச் சொன்னால் ஜூலையில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும், இட்லி மாவு மறுநாள் காலையிலும் அரைத்தபடியே இருக்கும். வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் முகவரிக்குச் சமீபத்திய மின் பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார்கள். பகிர்ந்த வீட்டில் அது ஓனர் பெயரில்தான் இருக்கும், அதனால் நீங்கள் அங்கே குடியிருப்பதாக அவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.