அன்னாசி என்சைம் மாத்திரை: வீக்கத்துக்குச் சரி, புற்றுக்கட்டிக்கு இல்லை

கடைவாய்ப் பல் எடுத்தவர்கள், அடிபட்டு வீங்கி வந்தவர்கள் சீட்டில் டாக்டர்கள் எழுதும் ட்ரிப்சின்-ப்ரோமெலைன்-ருட்டோசைடு மாத்திரை, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு என எந்தப் பக்கத்து மெடிக்கலிலும் கிடைக்கும். அட்டையின் பின்பக்கம் வழக்கமாக ப்ரோமெலைன் 90 மி.கி., ட்ரிப்சின் 48, ருட்டோசைடு 100 என்றிருக்கும். ப்ரோமெலைன் அன்னாசித் தண்டில் எடுக்கும் என்சைம், அதாவது மற்ற புரதங்களை உடைக்கும் புரதம். ட்ரிப்சினும் அதே வகை, பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து வருவது. ருட்டோசைடு செடிகளில் கிடைக்கும் ஒரு சத்துப்பொருள். சைவக்காரர்களுக்குப் பன்றி விஷயத்தை யாரும் சொல்வதில்லை.

வீக்கம் வடிய ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் எல்லா ஆய்விலும் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. வலிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பலன் கெடுவது பெரும்பாலும் சாப்பிடும் விதத்தில்தான். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், நிறையத் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். பெரிதாக இருக்கிறதென்று பாதியாக உடைத்தால் மேல்பூச்சு போய்விடும், வயிற்று அமிலம் புரதத்தைக் கெடுத்துவிடும். சாப்பிட்ட கையோடு போட்டால் அந்த என்சைம் சோற்றோடு போன பருப்பையும் முட்டையையும்தான் செரிக்கும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் அட்டையை விட்டுவைப்பதும் தவறு. சூடு புரதத்துக்கு ஆகாது.

மாத்திரையில் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மி.லி. சுடுதண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஜெலட்டின் கரைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் உறைய விடுங்கள். ஒன்றின் மேல் மட்டும் ஒரு மாத்திரையைப் பொடித்துத் தூவி, இரண்டையும் ஃபிரிட்ஜிலேயே ஒரு ராத்திரி வையுங்கள். வெளியே வைத்தால் சேலத்துச் சூட்டுக்கு ஜெலட்டின் தானாகவே இளகிவிடும். காலையில் பொடி விழுந்த இடம் குழிந்து தண்ணீராகியிருந்தால் என்சைம் வேலை செய்கிறது. கடல்பாசியில் செய்தால் எதுவும் தெரியாது, அது புரதமே இல்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு கூடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆபரேஷன் தேதி குறித்திருந்தாலும் அப்படித்தான். அன்னாசி ஒவ்வாதவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மாத்திரைக்குப் பதில் கொல்லிமலை அன்னாசி சாப்பிட்டால் போதுமா என்றால், போதாது. மருந்துக்கு எடுப்பது தண்டில். வேகவைத்தாலோ டின்னில் அடைத்தாலோ பழத்தில் இருப்பதும் செத்துவிடும்.

‘கட்டியைக் கரைக்கும்’ என்று விற்கும் தனி ப்ரோமெலைன் கேப்ஸ்யூலுக்குக் காசு கொடுக்காதீர்கள். புற்று செல்களை அது தடுப்பதாகக் காட்டியவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியிலும் நடந்த சோதனைகள். விழுங்கும் கேப்ஸ்யூல் மனிதருக்குப் புற்றைக் குணமாக்கியதாக நிரூபணமில்லை. ப்ரோமெலைன் நிஜமாகவே மருந்தாக நிலைத்த இடம் தீக்காயம்: வெந்த தோலை அகற்றப் பூசும் மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி கொடுத்தது.

புற்றுக்கு ஆமணக்குக் கொட்டையைச் சொல்லும் விஷயம் இன்னும் கடுமை. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மாவட்டம் இது, கொட்டை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அதிலுள்ள ரிசின் என்ற புரதம் செல்லுக்குள் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். அதனால்தான் குறிப்பிட்ட செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தோடு இணைத்துப் புற்றுக்கு எதிராகச் சோதித்தார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் பக்கவிளைவு குறுக்கே வந்தது. கொட்டையை அரைத்துக் குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. விளக்கெண்ணெயில் அந்தப் பயமில்லை: ரிசின் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.