சான்றிதழ் உண்மை, வந்த ஆள் வேறு

என் மகளின் பிறந்தநாள் விழாவுக்கு மாயவித்தைக் கலைஞர் ஒருவரை ஏற்பாடு செய்துதரும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டியபோது, நான் கேட்காமலேயே காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். "எங்கள் கலைஞர்கள் அனைவரும் சரிபார்க்கப்பட்டவர்கள்" என்ற வரியும் உடன் வந்ததால், அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக்கூட நான் படிக்கவில்லை.

விழாவன்று வந்தவர் வேறொருவர். ஒப்புக்கொண்டவருக்கு உடல்நலமில்லை என்றும், அவருக்குப் பதிலாகத் தாம் வந்திருப்பதாகவும் கூறினார். வீடு நிறைய விருந்தினர் இருந்த நேரத்தில் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வித்தைகள் முடிந்ததும், பிள்ளைகளின் முகத்தில் வண்ணம் தீட்டப் போவதாகவும், வெளியே இரைச்சலாக இருப்பதால் ஒவ்வொருவராக உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட வேண்டும் என்றும் கேட்டார். என் அக்கா உடனே கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கேயே தீட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம்" என்றார். இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அவர் மீது நான் குற்றம் சாட்டவில்லை. நல்லவர் என்று சொல்லவும் வழியில்லை, ஏனெனில் அவர் யார் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நிறுவன உரிமையாளருடையது; வாங்கி 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவரின் பெயரைக் கேட்டதற்கு, வேறொரு குழுவினர் அனுப்பியதாகச் சொல்லி ஒரு மேடைப்பெயரை மட்டும் கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இத்தகைய சான்றிதழ் அதில் பெயருள்ளவருக்கு மட்டுமே, வழங்கிய நாள் வரைக்கும், தேடிய பதிவேட்டின் எல்லைக்குள் மட்டுமே பேசும். அமெரிக்காவில் ஜான் வெய்ன் கேசி என்பவர், 1968இல் ஐயோவா மாநிலத்தில் சிறுவன் ஒருவனுக்கு இழைத்த பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றபின், இல்லினாய் மாநிலத்தில் 'போகோ' என்ற கோமாளியாகக் குழந்தைகள் விழாக்களுக்குப் போய்வந்தார். 33 கொலைகளுக்காக 1980இல் அவர் தண்டிக்கப்பட்டார். அது மிக அரிதான கொடுமை, அதை வைத்து எல்லாக் கலைஞர்களையும் சந்தேகிப்பது அநியாயம். ஆனால் ஊர் மாறி, பெயரும் மாறினால் பழைய பதிவு எவ்வளவு எளிதாகக் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, வரப்போகிறவரின் சட்டப்பூர்வப் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்கூட்டியே பெயரும் சான்றிதழும் தந்து உங்கள் சம்மதம் பெறாமல் மாற்று ஆளை அனுப்பக் கூடாது என்றும், அனுப்பினால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும் அதில் சேருங்கள். வாசலில் புகைப்பட அடையாள அட்டையை ஒப்பிட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். சான்றிதழின் எண்ணை, அதை வழங்கிய அலுவலகத்திலேயே விசாரியுங்கள். பதிவு எதுவும் இல்லாதவராக இருந்தாலும், பெரியவர் ஒருவர் உடனில்லாமல் குழந்தையை அவரோடு விடாதீர்கள்.

அடுத்த விழாவுக்கு இவற்றை மூன்று குழுக்களிடம் கேட்டேன். இரண்டு குழுக்கள் அதன்பின் பதிலே அனுப்பவில்லை. மூன்றாவது குழுவினர் அன்று மாலையே வரப்போகிறவரின் அடையாள அட்டையையும் சான்றிதழையும் அனுப்பிவிட்டார்கள்.