வெள்ளை அங்கிக்குள் ஒரு முகம்: 'பிளாக் நார்சிசஸ்' ப்ளூ-ரே

நடிகை டெபரா காரின் படங்களில் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதென்றால், கிரைட்டீரியன் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'பிளாக் நார்சிசஸ்' ப்ளூ-ரே வட்டையே நான் பரிந்துரைப்பேன். 1921இல் கிளாஸ்கோவில் பிறந்து, பாலே பயின்று, பின்னர் நடிப்புக்கு வந்தவர் இவர். நம்மில் பலர் 'கெர்' என்றே எழுதுகிறோம். 'ஸ்டார்' என்பதோடு இயைபு அமையும்படி 'கார்' என்றுதான் ஹாலிவுட் அவரை விளம்பரப்படுத்தியது.

அந்த ஹாலிவுட் பயணத்துக்குச் சற்று முன்பு, 1947இல் வெளிவந்த படம் இது. இமயமலையில் மடம் அமைக்கச் செல்லும் கன்னியாஸ்திரிகளின் தலைவி குளோடாவாக வரும் காருக்கு அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருந்தது. உடல் முழுவதையும் வெள்ளை அங்கி மூடியிருக்க, நடிப்பதற்கு அவரிடம் மிஞ்சியிருப்பது முகம் மட்டுமே. பிரார்த்தனையின் நடுவே அந்த முகம் மெல்ல இளகி, அயர்லாந்தின் ஏரியொன்றில் காதலனோடு மீன்பிடித்த நாளுக்குச் செல்கிறது. அமெரிக்காவில் முதன்முதலாகத் திரையிட்டபோது, கத்தோலிக்கத் தணிக்கை அமைப்பின் நெருக்குதலால் இந்த நினைவுக் காட்சிகள் வெட்டப்பட்டன. அவை இல்லாவிட்டால் குளோடா வெறும் கண்டிப்பான தலைவியாக மட்டுமே எஞ்சியிருப்பார். வட்டில் அவை முழுமையாக இருக்கின்றன.

ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்ட படிமம் இது. அதே மடத்துக் கன்னியாஸ்திரியான சிஸ்டர் ரூத் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உதட்டுச் சாயம் பூச, எதிரே அமர்ந்திருக்கும் குளோடா பதிலுக்கு வேதாகமத்தைத் திறக்கும் காட்சியில், ஒருத்தியின் சிவப்பும் மற்றவளின் வெளுப்பும் துல்லியமாகப் பிரிந்து தெரிகின்றன. பின்னணியில் காணும் மலைகள் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் உருவான ஓவியங்கள் என்பது தெரிந்த பிறகும் கண் ஏமாறத்தான் செய்கிறது. ஆங்கில நடிகை ஜீன் சிம்மன்ஸுக்குக் கறுப்புச் சாயம் பூசி இந்தியப் பெண்ணாக்கியிருப்பதோ, இந்தத் துல்லியத்தில் இன்னும் உறுத்தலாகத் தெரிகிறது.

வட்டிலுள்ள கூடுதல் இணைப்புகளில், இயக்குநர் மைக்கேல் பவலும் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியும் வழங்கும் விளக்கவுரை மிகச் சிறப்பு. கார்டிஃபின் ஒளிப்பதிவு குறித்த ஆவணப்படமும் உண்டு. காருக்கென்று தனியாக எதுவும் இல்லை என்பதே என் மனக்குறை. சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாமல், 1994இல் கௌரவ விருது மட்டும் பெற்றவருக்கு அரைமணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரே வட்டுகள் பல, உலகின் குறிப்பிட்ட மண்டலத்து ப்ளேயர்களில் மட்டுமே ஓடும். இது 'ஏ' மண்டலத்துக்குரிய வட்டு. இந்தியாவில் விற்கப்படும் ப்ளேயர்களோ 'சி' மண்டலத்துக்குரியவை. எனக்கு விற்ற கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் ப்ளேயர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கும்வரை, மூன்று வாரங்களுக்கு அட்டைப்படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.