பவுலிங் வரிசையில் கிடைத்த சிநேகிதன்

(2009-இல் எழுதிய பதிவு இது. ஹோம் 2015 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. இதில் வரும் விலை, சம்பளம், விதிகள் எல்லாம் அன்றைய நிலவரம்.)

பிஎஸ்3, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டி, வைத்திருக்கும் நம்ம ஆட்கள் யாராவது 'ஹோம்' பக்கம் போக நினைத்தால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் கணக்கு பறிபோய் இன்றோடு ஒன்பது நாள். பணமாகப் போனது 65 பவுண்டு. அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹோம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிளேஸ்டேஷன் 3-க்குள் இருக்கும் இலவச ஊர் அது. உங்களுக்கென்று ஒரு பொம்மையைச் செய்துகொண்டு உள்ளே போய் நடக்கலாம், ஆடலாம், முன்பின் தெரியாதவர்களோடு பேசலாம். 2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குகிறவர்களின் மாநாட்டில் சோனியின் பில் ஹாரிசன் இதை அறிவித்தபோது, அந்த ஆண்டு முடிவதற்குள் வந்துவிடும் என்றார்கள். தள்ளித் தள்ளி ஒருவழியாக எல்லாருக்கும் கதவு திறந்தது டிசம்பர் 11, 2008 அன்று. அதுவும் 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு, என்ற பெயரோடுதான். செய்தவர்கள் இங்கே லண்டனில் இருக்கும் சோனி ஸ்டூடியோக்காரர்கள். அதனால் ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடியறையில் கிடக்கும் எனக்கு, உள்ளூர்த் தேருக்குப் போகிற மாதிரி ஒரு உரிமை வந்துவிட்டது.

முதல் நாள் அனுபவம் என்றால் அது தரவிறக்கம்தான். ஹார்டு டிஸ்கில் 3 ஜிபிக்கு மேல் இடம் கேட்டது. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 40 ஜிபி பெட்டி. இரண்டு டெமோவை (இலவச மாதிரி கேம்) அழித்து இடம் கொடுத்தேன். உள்ளே போனால், சதுக்கத்துக்கு ஒரு தரவிறக்கம், தியேட்டருக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு இன்னொன்று. ஒவ்வொரு கதவு முன்னாலும் நின்று சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சினிமாவுக்குப் போய் இடைவேளையை மட்டும் பார்த்துவிட்டு வந்தது போல இருந்தது.

பொம்மை செய்வதில் ஒரு மணி நேரம் போனது. மூக்கை இழுத்து, தாடையைக் குறுக்கி, நிறத்தை நாலு தடவை மாற்றி, அப்பாவுடைய மீசைக்கு ஏறக்குறைய வந்துவிட்டேன். வேட்டி கிடையாது. நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று மாட்டிவிட்டேன்.

எல்லாருக்கும் ஆரம்பத்தில் ஒரு வீடு இலவசம், ஹார்பர் ஸ்டூடியோ என்று பெயர். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, வெளியே துறைமுகம், தண்ணீர், மாலை வெயில். என் நிஜ அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர். பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானும் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பத்து நிமிடம் நன்றாகவே இருந்தது.

சதுக்கத்துக்கு இறங்கியதும் அது போய்விட்டது. ஐம்பது அறுபது பொம்மைகள், பாதிக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கின்றன. எந்த இடத்தில் ஒரு பெண் பொம்மை தென்பட்டாலும் சுற்றி எட்டு ஆண் பொம்மைகள், எல்லாரும் ஒரே நடன அசைவு. அவள் நகர்ந்தால் கூட்டமும் நகர்கிறது. இத்தனைக்கும் அந்தப் பெண்ணை ஓட்டுகிறவன் தாடி வைத்த ஆளாகக்கூட இருக்கலாம், யார் கண்டது. கீபோர்டு இல்லையென்றால் கன்ட்ரோலரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். 'எந்த ஊர்' என்று கேட்பதற்குள் கேட்கப்பட்டவர் போயே போய்விடுவார். கெட்ட வார்த்தை வடிகட்டி ஒன்றும் உண்டு. ஆங்கில எழுத்தில் நான் அடித்த அப்பாவித் தமிழ் வார்த்தை ஒன்றை நட்சத்திரமாக்கிவிட்டது. பார்த்தவர்கள் நான் ஏதோ அசிங்கமாகத் திட்டியதாக நினைத்திருப்பார்கள்.

கடைத்தெருவில் சட்டை, நாற்காலி, கோடைவீடு எல்லாம் நிஜக் காசுக்கு. ஒரு பவுண்டுகூடப் பெறாத சட்டைக்கு ஆசைப்பட்டால் வாலட்டில், அதாவது கணக்கோடு இருக்கும் பணப்பையில், குறைந்தது 5 பவுண்டு போட வேண்டும். நானும் டெபிட் கார்டைப் பதிந்துவைத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொரொண்டோவில் இருக்கும் சித்தி மகனும் பிஎஸ்3 வைத்திருக்கிறான். ரெண்டு பேரும் உள்ளே சந்தித்து ஊர்க் கதை பேசலாம் என்றுதான் திட்டம். அது நடக்கவே நடக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஐரோப்பாக் கணக்குக்கு ஒரு ஹோம், வட அமெரிக்காக் கணக்குக்கு வேறு ஹோம். அவன் சதுக்கத்தில் அவன், என் சதுக்கத்தில் நான். ஆக, பேச ஆள் இல்லாமல் திரிந்தேன். வந்து மாட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாட்டிய இடம் பவுலிங் கூடம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். சிரிக்காதீர்கள், கற்பனை உலகத்தில் பந்து உருட்டவும் வரிசை. லேன் (பந்து உருளும் தடம்) எல்லாம் நிரம்பியிருந்தால் காத்திருக்க வேண்டும். மூலையில் இருக்கும் வீடியோ கேம் பெட்டிகளும் அப்படித்தான், ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். எத்தனை லேன் வேண்டுமானாலும் வரைந்துவிட்டுப் போகக்கூடிய இடத்தில் ரேஷன் கடை விதியை யார் கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிவப்புத் தொப்பிதான் ஆள். ஐடியை, அதாவது தலைக்கு மேலே தெரியும் கணக்குப் பெயரை, சொல்லிப் பயனில்லை, ஏன் என்று கடைசியில் புரியும்.

'நீ முதலில் ஆடு' என்று இடம் விட்டான். அவ்வளவுதான் ஆரம்பம். அதன் பிறகு ஏழெட்டு ராத்திரி தொடர்ந்து பார்த்தோம். செஸ் மேசையில் என்னிடம் தோற்றான், வேண்டுமென்றே தோற்றிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. என் ஸ்டூடியோவுக்கு வந்து சோபாவை எந்தப் பக்கம் திருப்பினால் கடல் தெரியும் என்று சொன்னான். எனக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அது முடிந்த அன்றைக்கு எப்படி எழுதினாய் என்று விசாரித்தான். வீட்டில் கூட அன்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ 'வைப்அவுட் எச்டி' பற்றிப் பேச்சு வந்தது. கடையில் வாங்கித் தரவிறக்கும் பந்தய கேம். எனக்கு ஆசை, காசில்லை. அவன் சொன்னது இது: கடையில் வாங்கிய ஒரு கேமை ஐந்து பிஎஸ்3 வரை இறக்கிக்கொள்ள அனுமதி உண்டு. 'என்னிடம் இருக்கிறது. என் கணக்கில் உன் பெட்டியிலிருந்து நுழைந்து இறக்கிக்கொள். காசு வேண்டாம்.'

கவனியுங்கள், அவன் என் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்தான். ஐந்து பெட்டி விஷயமும் பொய்யில்லை, விசாரித்துப் பார்த்தேன். நுழைந்தேன், இறக்கினேன், ஓடியது. அந்தக் கணக்கின் மெசேஜ் பெட்டியில் படிக்காத கடிதம் ஒன்று கிடந்தது. அடுத்தவன் கடிதத்தைத் திறப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் தலைப்பு கண்ணில் பட்டது: 'தயவுசெய்து என் கணக்கைத் திருப்பிக் கொடு.' ஏதோ நண்பர்களுக்குள் கேலி என்று நினைத்தேன். என் அறிவை எதால் அடிப்பது?

நான்கு நாள் கழித்து, என்னிடம் இருந்த ஒரு கேமைப் பார்த்து, 'அது நான் ஆடியதில்லை' என்றான். கேட்கவில்லை பாருங்கள், சொன்னான். ஓசியில் 12 பவுண்டு கேமை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன மனிதன்? நானாகவே என் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் தட்டி அனுப்பினேன். கன்ட்ரோலரில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து வந்து பெட்டியைப் போட்டால் பாஸ்வேர்டு தவறு என்றது. மாற்றலாம் என்று போனால் என் மின்னஞ்சலுக்குக் கணக்கே இல்லை என்றது. மறுநாள் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போனபோதுதான் வயிறு கலங்கியது. 20, 20, 25 என்று மூன்று தடவை வாலட்டுக்குப் போயிருந்தது. எனக்கு மணிக்கு 5.73 பவுண்டு, சட்டப்படி கொடுக்க வேண்டிய அடிமட்டச் சம்பளம். பதினோரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டே அட்டைப்பெட்டி அடுக்கிய காசு அது. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பக்கத்து அறை யாழ்ப்பாணத்து அண்ணையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "உமக்கென்ன விசரே? ஊர்பேர் தெரியாதவனுக்கு ஆராவது பாஸ்வேர்டைக் குடுப்பினமே?" என்றார். அப்புறம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

உதவி எண்ணில் கேட்டது முதலில் பெட்டியின் சீரியல் நம்பர், பிறகு கணக்கு திறந்தபோது கொடுத்த பிறந்த தேதி. பின்பக்க ஸ்டிக்கரில் நம்பர் இருக்கும், இப்போதே குறித்து வையுங்கள். 'பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா' என்ற கேள்வி வந்தபோது பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கொடுப்பது விதிமீறல், கணக்கு திறக்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்திய பக்கங்களில் அது இருக்கிறது. உண்மையைச் சொன்னேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். வங்கியில் சொல்லிப் பணத்தை இழுத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில்தான் கேம்களில் ஜெயித்து ஆறு மாதமாகச் சேர்த்த கோப்பைகள். ஐடியும் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், மாற்ற வழியில்லை. கார்டை மட்டும் ரத்து செய்துவிட்டேன்.

இனி அந்த மோசமான விஷயம். அண்ணைக்கு என் பெட்டியிலேயே தனிக் கணக்கு உண்டு, கால்பந்து ஆடுவார். அவருடைய நண்பர் பட்டியலில் நான் இருக்கிறேன். போன சனிக்கிழமை ராத்திரி அவர் கூப்பிட்டார். "தம்பி, நீர் ஹோமுக்குள்ள நிக்கிறீராம்."

நண்பன் நிற்கும் இடத்துக்கு ஒரே அழுத்தில் போய்விடலாம். போனோம். பவுலிங் கூடம். வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் மீசை, நீலக் கட்டம் போட்ட சட்டை, தலைக்கு மேலே என் பெயர். புதிதாகச் சேர்ந்தது தலையில் ஒரு சிவப்புத் தொப்பி மட்டும். எதிரில் யாரோ ஒரு புதுப் பையன், கணக்கு திறக்கும்போது கொடுக்கும் அதே சாதாரண உடுப்பில். அவனிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், 'நீ முதலில் ஆடு' என்று.

அண்ணையின் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி, 'அது என் கணக்கு, அவன் திருடன்' என்று அடிக்கத் தொடங்கினேன். பாதி அடிப்பதற்குள் நான் திரும்பி எங்களைப் பார்த்து ஒரு நடனம் ஆடிவிட்டு மறைந்துபோனேன். புதுப் பையன் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தான், பிறகு அவனும் போய்விட்டான்.

சிவப்புத் தொப்பி எனக்குத் தூண்டிலாகப் போட்ட கணக்கு அவனுடையதில்லை, எனக்கு முன்னால் ஏமாந்தவனுடையது. அந்தக் கடிதத்தை எழுதியவன் அவன்தான். இப்போது தூண்டிலில் இருப்பது என் கணக்கு.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் ஐடியில் 'கும்பகோணம்' என்று வரும். வெள்ளைக்காரனுக்கு அது வெறும் எழுத்துக் குப்பை. கும்பகோணம் என்று பார்த்ததும் ஓடி வந்து 'அண்ணா, எந்தத் தெரு' என்று கேட்கப் போகிறவர்கள் நம்ம ஆட்கள்தான். ஐரோப்பா ஹோமில், பவுலிங் வரிசையில், மீசை வைத்த ஒருவன் சிவப்புத் தொப்பியோடு உங்களுக்கு இடம் விட்டுக்கொடுத்தால், அது நான் இல்லை.